புஷ் நாலு

2-2-72, புதன்

காலையில் பனி. கொடியில் போட்ட தாவணி காயவே இல்லை. ஈரத்தோடு பள்ளிக்கூடம். கணக்கில் 62. அதெல்லாம் இப்போது பெரிதில்லை.

இதைக் கணக்கு ரப் நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த வீட்டில் கணக்கு நோட்டை யாரும் ஆசையாகப் புரட்ட மாட்டார்கள். எல்லாரும் தூங்கியாயிற்று. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் காரை உடைத்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம். அப்பா எங்கள் உரக்கடைக்குச் சைக்கிளில் போயிருந்தார். அம்மா சந்தையில். கொட்டகையில் கார் தனியாக. வழக்கம்போல ஏறி உட்கார்ந்து பள்ளத்தூர் வரைக்கும் ஓட்டினேன். சாவி கிடையாது. என்ஜினும் ஹாரனும் என் வாய்தான். ஸ்டீரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கியர்க் கம்பியை ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டே போனேன். பள்ளத்தூர் வளைவில் ‘டொக்’. அப்புறம் கம்பி கூழ்ப் பானையில் போட்ட அகப்பை மாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது. இறங்கி ஓடி வந்துவிட்டேன். கம்பியின் குமிழில் என் விரல் மை ஒட்டியிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. குமிழின் இன்னொரு பக்கம் மஞ்சளாக இருந்தது. ஆயுத பூசைக்குத் தடவியதாக இருக்கும்.

போன மாதம் அப்பா சொன்னது:

“வண்டியில யாரும் கை வைக்கக் கூடாது. வச்சது தெரிஞ்சுச்சு, சாவியைக் கெணத்துல போட்டுட்டு வண்டியை வித்துருவேன்.”

சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வண்டியை எப்படி விற்பது என்று அன்றைக்குச் சிரித்தேன்.

இன்றைக்கு அப்பா காரில் கடைக்குப் போனார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் கார் பின்பக்கத்தை முன்னால் வைத்து வருகிறது. ரிவர்ஸ் கியரில் மாட்டிக்கொண்டு விடவில்லையாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை அப்படியே! அப்பா கழுத்தைத் திருப்பிக் கொக்கு மாதிரி. பின்னால் (அதாவது முன்னால்) பத்துப் பேர்.

கடலைக்காரம்மா: “வந்த வழி மறந்துரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டே வாரீகளா, அண்ணே?”

எதிர்வீட்டுப் பஞ்சு அக்கா: “ரிவர்ஸ்ல வந்தா பெட்ரோல் திரும்பி ஊறுமாங்க?”

பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தாவணி முனையைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வெள்ளிக்கெழம காலையில திருப்பத்தூர் புரோக்கரை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா ஆச்சி வண்டி நம்ம வீட்டுல. இல்லைன்னா அவரு வீட்டுல.”

(கொத்தமங்கலத்தில் ஓர் ஆச்சியிடம் வாங்கியதால் ஆச்சி வண்டி. அம்மா மட்டும் தள்ளுவண்டி என்பாள். தெருவில் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் ஆன நாளிலிருந்து அம்மா அதில் ஏறியதே இல்லை.)

அம்மா ‘நல்லதாப் போச்சு’ என்பாள் என்று நினைத்தேன். ஆனால் அப்பா தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தாள்.

என்னால் போகப்போகிறது ஆச்சி வண்டி.

3-2-72, வியாழன்

கடைசல் பட்டறை சூசை மாமா வந்தார். நல்ல தொப்பை. முன்மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு தட்டு. ரிவர்ஸ் விட்டுவிட்டது! நான் சமையலறை ஜன்னலில்.

“புஷ்ஷு போச்சுண்ணே. கியர்க் கம்பி வந்து சேருற எடத்துல நாலு புஷ் இருக்கு. நாலும் உளுத்த பல்லு மாதிரி ஆடுது.”

அப்பா: “எப்புடிப் போச்சு?”

“யாரோ வண்டி நிக்கிறப்ப கியரை இழுத்து வெளையாடியிருக்காக.”

என் கையிலிருந்த டம்ளர் கீழே. அம்மா கையிலிருந்த கரண்டியும் கீழே. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் வாசல் பக்கம் போய் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கேட்கவில்லை. என் உயிர் போகிறது, சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?

போகும்போது சூசை மாமா: “புஷ் வந்தா நீங்களே மாட்டிரலாம்ணே. வண்டிக்குக் கீழ நமக்கு வயிறு இடிக்கும்.”

மதுரையில் இருக்கிற சித்தப்பாவுக்குக் கார்டு. அப்பா என்னைத்தான் எழுதச் சொன்னார். “இங்கிலீஷ்ல ஒரு வரி எழுது கண்ணு. கடையில நீட்டுனா எடுத்துக் குடுத்துருவான். நல்ல புஷ் நாலு, உறுதியா.”

எழுதினேன். Push, 4 nos., strong. கையெழுத்து முத்து முத்தாக வந்தது. செய்த பாவத்துக்கு இதையாவது ஒழுங்காகச் செய்தேனே.

5-2-72, சனி

எண்ணெய்க் குளியல். வெயில் ஏறிவிட்டது. கார் கொட்டகையில் தார்ப்பாய்க்குள். இன்னும் ஆறு நாள். அந்தப் பக்கம் போகவே இல்லை. இல்லை, ஒரு தடவை போனேன். பின்சக்கரத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். வெளியே வரும்போது அம்மா விளக்குமாறோடு கொட்டகைக்குள் போகிறாள்.

“இங்குட்டு என்னடி வேலை?”

“பூனை வந்துச்சும்மா.”

“ம். நானும் பூனைக்குத்தான் வந்தேன்.”

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

7-2-72, திங்கள்

ஐயோ. ஐயோ. ஐயோ.

மதுரை பஸ் கண்டக்டர் பார்சலைக் கொண்டுவந்து கடையில் கொடுத்திருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று நாலு காலிங் பெல் சுவிட்சு. நடுவில் கறுப்புப் பொத்தான். கூடவே சித்தப்பாவின் சீட்டு:

‘அண்ணனுக்கு. கேட்டபடி உறுதியான புஷ் நாலு. வீட்டுக்கு எப்போது நாலு வாசல் வைத்தீர்கள்?’

அப்பா ஒரு சுவிட்சை எடுத்துக் காதில் வைத்து அழுத்திப் பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை.

“என்னடி எழுதுன?”

“புஷ்தாம்ப்பா.”

“என்ன புஷ்?”

“தள்ளுற புஷ்.”

டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். அந்த புஷ் Bush. அர்த்தம்: புதர். கீழே, தேய்மானத்துக்குப் போடும் உள்வளையம் என்றும் போட்டிருக்கிறது, பொடி எழுத்தில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே, நான் என்ன செய்வேன்! எங்கள் காரைத் தினமும் தள்ளுகிறோம். தள்ளுகிற காருக்குத் தள்ளுகிற புஷ்தானே வரும்?

சூசை மாமா வந்து பார்த்துவிட்டு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “மாட்டிருவோம்ணே. ரெண்டாவது கியர் போட்டா வீட்டுக்குள்ள மணி அடிக்கும். அண்ணி சோறு எடுத்து வச்சிரலாம்.”

அப்பாவும் சிரித்தார். என்னைத் திட்டவே இல்லை. கடையில் பழைய மணி ஒன்று கிடந்ததாம், அதைக் கொண்டுவந்து வாசலில் ஒரு சுவிட்சை மாட்டிவிட்டார். பஞ்சு அக்கா இதுவரை ஒன்பது தடவை அழுத்திவிட்டாள்.

இரண்டு தப்பு ஆயிற்று என் பேரில். மறுபடியும் மதுரைக்கு எழுத நாள் இல்லை. இன்னும் நாலு நாள்.

8-2-72, செவ்வாய்

சூசை மாமா பித்தளையிலேயே கடைந்து தருகிறேன் என்றார். பழையது ரப்பர், இது பித்தளை, பத்து வருசம் அசையாதாம். ஆனால் பட்டறையில் பித்தளைத் தண்டு தீர்ந்துபோச்சாம். லோடு வர ஒரு வாரம்.

அப்பா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அம்மா உள்ளே போனாள். பரணில் ஏறுகிற சத்தம். முறுக்கு உரலோடு வந்தாள்! அவள் கல்யாணச் சீரில் வந்தது. அதை நான் தொட்டாலே கை கழுவினாயா என்பாள். பிழிகிற தண்டை உருவி அப்பா முன்னால் வைத்தாள்.

“இது பித்தளைதானே. எடுத்துக்கிருங்க.”

அப்பா: “முறுக்குக்கு என்ன செய்வ?”

“ஒரு வருசம் முறுக்குத் திங்காம இருந்தா யாரும் சாக மாட்டாக.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தள்ளுவண்டிக்கு முறுக்கு உரலா?

சாயங்காலம் அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். தண்டு சுழலச் சுழலப் பித்தளைச் சுருள் தங்கமாய்ச் சுற்றிச் சுற்றி விழுந்தது. அசல் முறுக்கு மாதிரியே! சூசை மாமா ஒரு சுருளை எடுத்து, “அம்மாட்ட குடு தாயி, இந்த வருசத்து முறுக்கு இதுதான்னு சொல்லு” என்றார். கொடுத்தேன். அம்மா சிரித்தாள். பிறகு உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

புஷ் நாலு. கட்டைவிரல் மோதிரம் மாதிரி. என் விரலில் போட்டுப் பார்த்தேன். கழற்றச் சோப்பு வேண்டியிருந்தது.

9-2-72, புதன்

பள்ளிக்கூடம் மத்தியானம் வரைதான். ஓடி வந்தேன். அப்பா கடைக்குப் போகவில்லை. சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தவை:

ஸ்பேனர் 4 (ஒன்று எந்த நட்டிலும் சேராது)
திருப்புளி
சுத்தியல்
சீமெண்ணெய் ஒரு போணி
கிரீஸ் டப்பா
அப்பாவின் பழைய வேட்டி, பாதி
காப்பி, ஆறியது

அப்பா பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே. பழைய புஷ் கருப்புத் தூளாகக் கொட்டியது. புளியங்கொட்டைத் தோல் மாதிரி. “இதை வச்சுக்கிட்டா இத்தனை நாளு ஓட்டுனேன்!” என்று உள்ளிருந்து குரல். ஆச்சரியமா பெருமையா தெரியவில்லை.

மூன்று மாட்டியாயிற்று. நாலாவது மாட்டினதும் கம்பி அசையவே இல்லை. முன்பு அகப்பை, இப்போது அம்மிக்கல். அப்பா இழுத்தார். நான் இழுத்தேன்.

“ரெண்டாவது விழுகுதான்னு பாரு.”

“கீழ அமுக்குங்க, மேல தூக்கினா அது ஒண்ணு” என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து.

நானும் அப்பாவும் திரும்பிப் பார்த்தோம். அம்மா அரிசி புடைக்கிறாள். காரில் ஏறாத அம்மாவுக்கு இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இருட்டுகிறவரை பார்த்தும் முடியவில்லை. அப்பா, “முறுக்கு உரலும் போச்சு” என்று மட்டும் சொன்னார். நாளை ஒரு நாள்தான். சொல்லிவிடலாமா? காலையில் சொல்லிவிடுகிறேன்.

10-2-72, வியாழன்

சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அப்பா அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

தலைவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம். சூசை மாமா பார்த்துவிட்டு, “துளை மயிரிழை இறுக்கம். உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. ஆத்திரப்பட்டுத் தேச்சீகன்னா பழையபடி ஆடும்” என்றார். அப்பா விரல் தடிமன், துளைக்குள் போகாது. என் சுண்டுவிரல் போகும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு நானே தேய்த்தேன். தேய்ப்பது, துடைப்பது, கம்பியில் போட்டுப் பார்ப்பது. பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை. விரல் நுனி எரிகிறது, இப்போதும்.

ஒன்றரைக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு சத்தமும் இல்லை. வெண்ணெய்க்குள் கத்தி.

அப்பா கம்பியைத் தொட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஒவ்வொன்றும் ‘ளக்’, ‘ளக்’ என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்பா குதித்தார்! நிஜமாகவே. வேட்டி அவிழப் பார்த்தது.

“ஏறுங்க ரெண்டு பேரும்!”

அம்மா மறுக்கவில்லை. சேலை கூட மாற்றவில்லை. முன்சீட்டில் மூன்று பேர், நடுவில் நான். கண்மாய்க் கரை ரோடு. காற்று. அப்பா வேண்டுமென்றே கியரை மாற்றி மாற்றிப் போட்டார். அம்மா முகத்தைப் பார்த்தேன். அழுகிறாள்.

“ஏங்க. நாந்தான் ஒடச்சேன்.”

“நாந்தாம்ப்பா ஒடச்சேன்.”

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அம்மாவும் என்னை மாதிரியே சாவி இல்லாமல் ஓட்டியிருக்கிறாள், மத்தியானத்தில், அப்பா கடையிலும் நான் பள்ளிக்கூடத்திலும் இருக்கும்போது. மூன்று மாதமாக! அவள் மானாமதுரை வரைக்கும் போயிருக்கிறாளாம். நான் பள்ளத்தூர்தான்.

அப்பா கியர்க் குமிழைக் காட்டினார். “இங்குட்டுப் பாரு மை. அங்குட்டுப் பாரு மஞ்சள். எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ரெண்டு திருடியும் ஒரே வீட்டுல.”

அம்மா: “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சூசை மொத நாளே வாசல்ல வச்சுச் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டான். இது ஆச்சி வீட்டுலயே செத்துப்போன புஷ்ஷு. நீங்க யாரும் ஒடைக்கல.”

“அப்ப அதைச் சொல்லியிருக்கலாமுல்ல!”

“சொல்லியிருந்தா முறுக்கு உரல் வெளிய வந்திருக்குமா?”

அம்மா அப்பா முதுகில் ஒரு அடி போட்டாள். நல்ல அடி. அப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கண்மாயிலிருந்த நாரை எல்லாம் எழுந்து பறந்தது.

அப்பா கதவைத் திறந்து இறங்கி அந்தப் பக்கம் சுற்றி வந்தார். “நகரு. மானாமதுரைக்கு நெசமாவே போறதுக்குப் பழகிக்க.”

அம்மா ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வண்டி தவளை மாதிரி மூன்று தடவை தாவி நின்றது.

“கிளச்சை மெதுவா விடு!”

“நீங்க மெதுவாப் பேசுங்க!”

11-2-72, வெள்ளி

பனி இல்லை. ஏழு மணிக்குப் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. ஆறரைக்கே கிளம்பிவிட்டோம், வீட்டைப் பூட்டிக்கொண்டு. “வித்தாச்சான்னு கேட்டா இல்லைங்கணும். வண்டி எங்கன்னு கேட்டா காட்டணும். வம்பு” என்றார் அப்பா.

பஞ்சு அக்கா பிறகு சொன்னது:

“அந்த மனுசன் உங்க வாசல் புஷ்ஷை அமுக்கு அமுக்குன்னு அமுக்குனாரு, தாயி. உள்ள மணி அடிக்குது, ஆளு வரலை. கதவைத் தள்ளியும் பாத்தாரு.”

நாங்கள் அப்போது கண்மாய்க் கரையில், மூன்றாவது கியரில். அம்மா ஓட்டினாள்.