காதுகுத்துக்கு முன் ஒரு மனு

பந்தல்குடி,
12.8.2024

அன்புள்ள அக்காவுக்குப் பாண்டீஸ்வரன் எழுதிக்கொண்டது.

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். மச்சானுடைய கிணற்று மோட்டாரை நான் திருடவில்லை என்று வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டை கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. நாலு வருசம். வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் பதினெட்டு ஆடு போயிற்று.

விடுதலையானவனுக்குச் செலவை யார் திருப்பித் தருவார்கள் என்று வக்கீலிடம் கேட்டேன். சர்க்கார் தராதாம். காரணமில்லாமல் புகார் கொடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்கலாமாம். மச்சான் மேல் மனு எழுதி வாங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

உன் தம்பி

*

நரிக்குடி,
17.8.2024

அன்புத் தம்பிக்கு,

தீர்ப்பைக் கேட்டு அழுதுவிட்டேன். மோட்டார் ரூம் சாவி உன்னிடம் இருந்தது என்ற ஒன்றை வைத்துத்தான் இவுக ஸ்டேஷன் ஏறினார்கள். தடுத்தேன், கேட்கவில்லை.

மாரீஸ்வரிக்கு ஆறு வயசு. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் நீ இருக்கும்போது இன்னொருத்தர் மடியில் பிள்ளையை உட்கார வைக்க மாட்டேன் என்று நான்தான் பிடிவாதம். ஆவணிக்குள் நாள் பார்த்திருக்கிறோம். நேற்று இவுக கம்மல் வாங்கி வந்து, "ஒந் தம்பி கொண்டாந்த சீரா இருக்கட்டும். ஊருக்குத் தெரிய வேணாம்" என்றார்கள். செலவைத் திருப்பித் தருகிற லட்சணம் அது. மனுவைக் கிழித்துவிடப்பா.

நாகஜோதி

*

பந்தல்குடி,
21.8.2024

அக்காவுக்கு,

அவர் வாங்கிய கம்மலை என் தட்டில் சுமந்து வர நான் என்ன கூலியாளா? சீர் செய்யத்தானே அந்த ஆடுகளை வளர்த்தேன்.

என்னை ஜீப்பில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. விடுதலையானதை ஒருத்தரும் பார்க்கவில்லை. ரூபாயை விடு. மச்சான் அந்தத் தெருவழியே நடந்து வந்து, வெற்றிலை பாக்கு வைத்து என்னை அழைக்கட்டும். மனுவை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு வரை பார்ப்பேன். திங்கள் கையெழுத்துப் போடுவேன்.

பாண்டீஸ்வரன்

*

நரிக்குடி,
25.8.2024, ஞாயிறு

தம்பிக்கு,

இதை நான் தபாலில் போடவில்லை. உன் கையில் கொடுத்தது உன் மச்சான்தான். பைக்கில் போகிறேன் என்றார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, தெருமுனையிலிருந்து நடக்கச் சொன்னேன். வெற்றிலை பாக்கு மஞ்சள் பையில் இருக்கிறது. கம்மலை அவுகளிடம் கொடுத்தனுப்பவில்லை. நீ வெறுங்கையோடு வா, மடி போதும்.

அவுகளுக்குப் பேச வராது. கடிதத்தை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ இதைப் படித்த நேரம் முழுக்கத் தெருவில் நின்றாயிற்று. போதும். "உள்ள வாங்க மச்சான்" என்று சொல்லிவிடு, நாலு வீட்டுக்குக் கேட்கட்டும்.

அக்கா