ஹாண்டிலைக் கழற்றிப் பாருங்கள்

ஹோர்சன்ஸ்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

என் அன்புக்குரிய ஜூலியனின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் இங்கு சுகம், அங்கு உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறோம் என்றுதான் தொடங்கவேண்டும். மன்றாடுவது உண்மை. சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உங்கள் கூட்டாளி றொபேட் இந்தக் கடிதத்தைத் தந்ததும் நின்ற இடத்திலேயே வாசியுங்கள். வாசித்து முடிக்கும்வரை அந்தச் சைக்கிளில் ஏறவேண்டாம். அதன் ஹாண்டில் ஒழுங்காகப் பூட்டப்படவில்லை. கழற்றித் திரும்பப் பூட்டியது நான்தான்.

இப்போது உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தொடங்கிவிட்டாள் என்று சொல்லிக் கடிதத்தை மடிக்கப் பார்ப்பீர்கள். மடிக்காதீர்கள். போன வருடம் நீங்கள் இதே பழைய சைக்கிள் ஓட்டத்துக்கு இத்தாலிக்கு வெளிக்கிட்டு ஜெர்மன் எல்லைக்குப் போனபோது எனக்கு நெஞ்சுநோ என்று கூப்பிட்டேன். அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தால் நான் குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கிறேன். இந்தமுறையும் செவ்வாய்க்கிழமை, வழியில் நின்ற உங்களைக் கூப்பிட்டு, ஜூலியன் படியில் விழுந்து கால் முறிந்துவிட்டது என்றேன். அந்த நேரம் பார்த்து றொபேட் அவனைப் பஸ்ஸில் கண்டு உங்களுக்குச் சொல்லியும்விட்டார். எனக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காகத் தெரியாது. ஞாயிறு முடியும்வரை உன்ர கதையும் வேண்டாம், உன்ர மகன்ர கதையும் வேண்டாம் என்று நீங்கள் தொலைபேசியை நிறுத்திப்போட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இது பொய்யில்லை. மடு மாதா சாட்சியாகப் பொய்யில்லை.

அந்தச் சைக்கிள் உங்களுக்கு எப்படி என்று எனக்கு விளங்காமல் இல்லை. சில்க்போர்க்கில் அந்த டெனிஷ்காரர் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்று பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல வந்தீர்கள். ஒரு மாரி முழுக்க அது வரவேற்பறையில் நின்றது, என் தையல் மெசின் நடைபாதைக்குப் போனது. வந்தவர் போனவரையெல்லாம் இருத்தி, இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் தகப்பன் குழாய்களை ஒட்ட, மகன் அரத்தால் ராவ, தாய் மெல்லிய தூரிகையால் கோடு கீற, வருடத்துக்குக் கொஞ்சச் சைக்கிள்தான் செய்வார்களாம் என்று கதை சொன்னீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த வீடு தெரிந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. என்னை இப்படித் துடைத்துப் பார்த்திருந்தால் நானும் நாற்பது வருடம் மினுங்கியிருப்பேன் என்று பகிடி விட்டேன், நினைவிருக்கா? பிறேக், செயின், ரயர் எல்லாம் கழற்றிப் பூட்டுவீர்கள். ஹாண்டிலை மட்டும் தொடமாட்டீர்கள். அது அந்தத் தகப்பன் தன் கையால் பூட்டியது, அவருக்குப் பிறகு ஒருத்தரும் திறக்கவில்லை, நானும் திறக்கமாட்டன் என்பீர்கள்.

இப்போது ஒருத்தி திறந்துவிட்டாள்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம். வேறென்ன. நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் என் பகுதியில் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுகூட இல்லை. அவரும் உங்களைப்போலச் சைக்கிள் ஓடித் திரிந்தவர்தான், ஓர் இறக்கத்தில் விழுந்தார். இப்போது நான்தான் அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறேன். அவருடைய மனைவி வந்து கட்டிலருகில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பா. அந்த மனிசியின் கதிரையில் நான் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். இதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நெஞ்சுநோ என்றேன், கால்முறிவு என்றேன்.

கார் வாங்கியபோது பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், முன்னுக்கு மாதாவைத் தொங்கவிட்டோம். சைக்கிளுக்கும் அப்படி ஒன்று கட்டுவோம் என்று எத்தனை தரம் கேட்டேன்? பெயின்ற் சுரண்டுப்படும், இது என்ன ஓட்டோவோ படம் கட்டிக்கொண்டு திரிய என்று சிரித்தீர்கள். சரி, வெளியில் கட்டினால்தானே சுரண்டும், உள்ளே வைத்தால் என்ன என்று யோசித்தேன்.

போன சனிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனதும் பின்வளவுக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்து, உங்கள் கருவிப் பையிலிருந்த அலன் கீயால் ஹாண்டிலின் மேலாணியைத் தளர்த்தினேன். அசையவில்லை. இஞ்சி இடிக்கிற சின்ன உலக்கையால் தட்டினேன், இளகியது. ஹாண்டில் தண்டோடு மேலே வந்தது. மன்னாரிலிருந்து வந்த நாள் தொடக்கம் என் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை நீலத் துணியில் சுற்றி, தண்டு நின்ற குழாய்க்குள் விட்டேன். கிலுங்கினால் கண்டுபிடித்துவிடுவீர்களே என்று மேலும் துணி வைத்து அடைத்தேன். அடைத்தது கூடிப்போய்விட்டது. தண்டு பழையபடி ஆழத்துக்கு இறங்கவில்லை. கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டு ஆணியை முறுக்கினேன். இடியப்ப உரலை முறுக்குமளவுக்குத்தான் முறுக்கியிருப்பேன்.

பிறகு நீங்கள் அந்தச் சைக்கிளில் றொபேட் வீட்டுக்கு ஓடிப் போய் வந்தீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாதா பார்த்துக்கொள்கிறா என்று எனக்குப் பெரிய சந்தோஷம்! அந்த ரோட்டில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை என்று யோசிக்கவில்லை.

புதன்கிழமை தொலைபேசியை நிறுத்துவதற்கு முன் ஜூலியனுக்கு ஒரு படம் அனுப்பினீர்களே, சைக்கிள் செய்தவர்களின் அந்த வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்று சிரிக்கிற படம். நேற்றுத்தான் அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். வழக்கமாக என்னோடு டெனிஷில் கதைக்கிறவன், எழும்பி வந்து தமிழில், அம்மா, அப்பாவின்ர ஹாண்டில் உயர்ந்து நிக்குது என்றான். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். தண்டில் ஒரு கோடு இருக்கிறதாம். அது எப்போதும் குழாய்க்குள்ளேதான் இருக்கவேண்டுமாம். படத்தில் அது வெளியே தெரிகிறது. அவனை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாக விளங்கப்படுத்தினான். சமதரையில் தெரியாதாம். கல்லுப் பாதையில் இறங்கும்போது ஹாண்டில் திரும்பும், சில்லுத் திரும்பாதாம். இல்லாவிட்டால் ஹாண்டில் அப்படியே கையோடு வந்துவிடுமாம்.

அதிலிருந்து வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. ஜூலியன் விட்டுவிட்டுக் கூப்பிடுகிறான், உங்கள் தொலைபேசி உயிரோடில்லை. உங்களோடு வான் பிடித்துப் போனவர்களின் இலக்கம் எங்களிடம் இல்லை. ஞாயிறுவரை கால்களுக்கு ஓய்வு, சைக்கிளைத் தொடமாட்டன் என்று போகும்போது சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று பின்னேரம் றொபேட் பில்லுண்டிலிருந்து விமானம் ஏறுகிறார். அவரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். அக்கா, போனமுறைக் கதையைவிட இது திறம் என்றார். நான் அழுததைக் கண்ட பிறகுதான் கடிதத்தைக் கட்டாயம் தாசன் அண்ணையின்ர கையில குடுப்பன் என்றார்.

நீங்களும் நம்பமாட்டீர்கள். நம்பவேண்டாம். கிளோறியா ஒரு பொய்க்காரி என்று றொபேட்டுக்கு முன்னால் நிரூபிப்பதற்காகவாவது ஹாண்டிலைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நீலத் துணி இல்லையென்றால் இனி நான் வாயே திறக்கமாட்டேன், சைக்கிளைக் கொண்டுவந்து கட்டிலில் என் பக்கத்தில் படுக்கவையுங்கள். கழற்ற உங்கள் பையில் அலன் கீயைத் தேடுவீர்கள். இருக்காது. அன்று கொட்டிலுக்கு வெளியே உங்கள் கார்ச் சத்தம் கேட்டதும் பதறிப்போய் என் கோட்டுப் பைக்குள் போட்டேன். இந்தக் கடித உறையின் அடியில் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன், தடவிப் பாருங்கள்.

போகவேண்டாம் என்று இந்தமுறை நான் எழுதவில்லை. ஓடுங்கள். அந்தத் தாய் கீறிய கோட்டை அந்த ஊரே பார்க்க ஓடுங்கள். சுரூபத்தைச் சட்டைப் பைக்குள் போடுங்கள், கரைச்சல் என்றால் றொபேட்டிடம் கொடுங்கள், மாதா கோபிக்கமாட்டா. அந்தத் துணியை மட்டும் ஒரு நூல் விடாமல் வெளியே எடுங்கள். தண்டிலுள்ள கோடு மறையும்வரை அதை இறக்குங்கள். உங்கள் பலமெல்லாம் சேர்த்து இறுக்குங்கள். இறுக்கிவிட்டுத் தொலைபேசியைப் போடுங்கள். என்னை ஏசுவதற்காகவாவது கூப்பிடுங்கள். எவ்வளவு நேரமென்றாலும் ஏசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
கிளோறியா