உன் சாவுக்கு அழுதது நான்தான்

என் தங்கமே, பேச்சியக்கா,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதுகிறேன் என்று அம்மா பயந்துவிடுவாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரை போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாலுவழிச் சாலைக்காகச் சாத்தூர் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற நாம் நிற்போமே, அந்த மரமும் போய்விட்டது. மச்சான் செல்போன் வாங்கியிருக்கிறார். நான் அதே கம்பெனியில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறேன். தீபாவளி சீசன், மூச்சுவிட நேரமில்லை.

போன வாரம் பசை காயும் முன்னே ஃபோர்மேன் என் பெட்டிகளை அடுக்கிவிட்டு, லேபிள் கோணல் என்று என்னையே ஏசினார். கோபம் வராதா? சத்தம் போட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "மாத்திரை போட்டீகளாம்மா?" என்றார். அவ்வளவுதான், நியாயம் அவர் பக்கம் போய்விட்டது. வீட்டில் சிரித்தாலும் இதே கதைதான். "ஏத்தா, ரொம்பச் சிரிக்கியே, மாத்திரை போட்டியா?" என்கிறாள் அம்மா.

முதல்முதலாக நீ என்னை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு டாக்டர் நோயின் இங்கிலீஷ் பேரைச் சொல்லி, சில நாள் தலைகால் புரியாமல் துள்ளவைக்கும், சில நாள் எழவே விடாது என்று விளக்கினார். வெளியே வந்ததும், "இவ இனிமே பைத்தியந்தானா?" என்று அம்மா அழுதாள். நீ சள்ளென்று விழுந்தாய். "அது அவளுக்கு வந்திருக்க சீக்கும்மா. இவ செல்வி."

அதற்காக நீ என்னைச் சும்மா விட்டவளும் இல்லை. தூக்கமே இல்லாமல் நான் வீடு வீடாகப் போய் என் சேலைகளைத் தானம் கொடுத்தபோது, "இது நீ இல்லடி, வா, டாக்டரப் பாத்துட்டு வருவோம்" என்று கையைப் பிடித்தாய். வேறொரு நாள் கோபப்பட்டால், "என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, "கோவம் வரத்தான செய்யும்" என்பாய். எது நான், எது சீக்கு என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அடிப்பாவி, சொல்லாமல் போய்விட்டாயே.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, பெண்கள் எல்லாரும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். பெரியம்மா மண்ணில் புரண்டாள். நானும் உன் கால்களைப் பிடித்துக்கொண்டு, "ஏ அக்கா, என்னைய யாருகிட்ட விட்டுட்டுப் போற?" என்று கத்தினேன். பெரியம்மா சட்டென்று அழுகையை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தாள். "இவளுக்குத் திரும்ப வந்துருச்சு, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றாள். காபியில் தூக்க மாத்திரையைக் கலந்து கொடுத்தார்கள்.

கண் விழித்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை அக்கா. உனக்கு வாய்க்கரிசிகூடப் போடவில்லை.

போன தீபாவளிக்குத் தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது, இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று மாடிக்குப் போய் உனக்காக அழ வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு மதினி ஓடிவந்துவிட்டாள். "வெடிக்குப் பயப்படுதா போல, மாத்திரையைக் குடுங்க" என்று அம்மாவை அழைத்தாள். பட்டாசுக் கம்பெனிக்காரிக்கு வெடிச் சத்தம் பயமாம்!

இப்போது அழுகையும் வருவதில்லை. கொஞ்சம் முட்டினால்கூட, இது நானா அதுவா என்று எனக்கு நானே நாடி பிடித்துப் பார்க்கிறேன். மற்றவர்கள் கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நானே கேட்பதுதான் தாங்கவில்லை. இனி இது மாறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரையை நிறுத்த மாட்டேன், இது உன்மேல் சத்தியம். அதோடு இன்னொன்று. உன் காலைப் பிடித்து அழுதது சீக்குதான் என்று ஒருநாள் நானும் நம்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் என்மேல் எனக்கு நம்பிக்கை மிச்சமிருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அன்றைக்கு அழுதது நான்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி