வேலை செய்த வாரம்

மார்ச் 13, 2011, ஞாயிறு. கிளீவ்லாந்து

பூசை முடிந்து வந்ததும் வேலையிழந்தோர் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். "இந்த வாரம் வேலை செய்தீர்களா?" என்று இயந்திரக் குரல் கேட்டது. இல்லை என்பதற்கு இரண்டை அழுத்தினேன். பத்திரிகை அலுவலகம் என்னை வேலையைவிட்டு அனுப்பியதிலிருந்து ஞாயிறுதோறும் இதுதான். வீடு சூடாக இருப்பது அந்தப் பணத்தில்.

மார்ச் 16, புதன்

ஜெனிவீவ் வந்தாள். கான்வென்ட்டில் ஒரே பெஞ்ச். என் வீட்டுக்காரர் எட்மண்ட் போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள்தான். அச்சகம் நடத்தும் அவள் அக்கா மகன் டெரன்ஸ், எங்கள் பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலருக்குப் பிழை திருத்த ஆள் தேடுகிறானாம்.

"நொட்ட சொல்றதுக்கு உன்ன விட்டா யாருடி இருக்கா, லொரெட்டா?"

ஒப்பந்த வேலை. கூலி ஈஸ்டருக்குப் பிறகு, ரொக்கமாக.

மார்ச் 19, சனி

முடித்தேன். இப்படி மெய்மறந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 20, ஞாயிறு

ஆம் என்பதற்கு ஒன்றை அழுத்தினேன். பேசிய கூலியையும் சொன்னேன். பணம் இன்னும் வரவில்லைதான். ஆனால் பணம் வந்த வாரமல்ல, வேலை செய்த வாரம்தான் கணக்கு.

மார்ச் 29, செவ்வாய்

வேலை செய்ததாகச் சொன்னதற்கு விசாரணையாம்; அது முடியும்வரை உதவித்தொகை கிடையாது. அலுவலகப் பெண் கூப்பிட்டாள்: யாருக்காக வேலை செய்தீர்கள்? டெரன்ஸின் பெயரைச் சொன்னேன். வேறென்ன சொல்ல? வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டு எட்மண்டின் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 1, வெள்ளி

பங்கு மண்டபத்தில் தவக்கால மீன் வறுவல் விருந்து. ஜெனிவீவ் தட்டோடு எதிரில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"காசே இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள ஊதிட்டியேடி! அவன் ரொக்கமா குடுத்தது எல்லாத்தையும் இப்ப தோண்டுறாங்க."

"வேல செஞ்சியான்னு கேட்டாங்க. செஞ்சேன்னு சொன்னேன்."

"நீ அன்னிக்கும் இப்படித்தான். சிஸ்டர் கேக்குறதுக்கு முந்தியே கையத் தூக்குவ!"

டெரன்ஸின் மேசைக்குப் போய்விட்டாள். மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 3, ஞாயிறு

நான் செஞ்சது சரிதான். சரிதானே?

ஏப்ரல் 12, செவ்வாய்

என்மேல் தவறில்லையாம். கூலியைக் கழித்துக்கொண்டு, நிறுத்தியதைத் தந்துவிட்டார்கள். டெரன்ஸின் கூலியும் ஈஸ்டருக்கு முன்பே, ரொக்கமாக அல்ல, காசோலையாகத் தபாலில் வந்தது. உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன் — அதோடு ஒரு வரிகூட இல்லை.

ஏப்ரல் 17, குருத்து ஞாயிறு

வருடாவருடம் நானும் ஜெனிவீவும் ஒன்றாக உட்கார்ந்து குருத்தோலையில் சிலுவை மடிப்போம். இன்று அவள் நாலு வரிசை முன்னால் இருந்தாள். திரும்பவே இல்லை. என் ஓலையை மடிக்காமலே கொண்டுவந்தேன்.

பிறகு தொலைபேசி.

"இந்த வாரம் வேலை செய்தீர்களா?"

வியாழனிலிருந்து என்னிடம் ஒருவரும் பேசியிருக்கவில்லை. "இல்லம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது காத்திருந்தது.

அப்புறம்தான் இரண்டை அழுத்தினேன்.