தினம் ஒரு வேளை, காலையில்

நாள் 1. காலை 6.10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது ரூத் செல்வகனி, பாறை ஆய்வாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. காற்று சரி, மின்சாரம் சரி. மக்ரூன் வழக்கம்போல் என் சாக்ஸைக் கடித்து இழுத்து எழுப்பிவிட்டது.

மக்ரூன் என் நாய். மனச்சோர்வு முற்றி நான் படுக்கையை விட்டே எழாத நாட்களில், என்னை எழுப்புவதற்கென்றே பழக்கியது. பயணப் படிவத்தில் பிராணிகளுக்குக் கட்டம் கிடையாது. என் டாக்டர் மருந்துப் பட்டியலில் எழுதினார்: ‘மக்ரூன். தினம் ஒரு வேளை, காலையில்.’ சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்கள்.

நாள் 3. காலை 9.40
காற்று இயந்திரம் நின்றுவிட்டது. எவ்வளவோ பார்த்தேன், ஓடவில்லை. இனி சிலிண்டர்கள் மட்டும்தான். பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இசக்கிராஜ் பேசினான்: “பதினோரு நாள்ல கப்பல் வந்துரும்க்கா. ஒரு ஆளுக்குப் பன்னெண்டு நாள் காத்து இருக்கு. அசையாம படுத்தே இருங்க, போதும்.”

படிவத்தைப் பார்த்துச் சொல்கிறான். மருந்து மூச்சுவிடும் என்று அதில் எங்கே இருக்கிறது? நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள்.

நாள் 7. காலை 6.05
படுத்தே இருக்கச் சொல்வது யாரிடம்! ஆறு வருடம் அதைத்தானே செய்தேன். மக்ரூன்தான் விடமாட்டேன் என்கிறது. இழுக்கிறது, குரைக்கிறது, மூச்சிரைக்கிறது. “படு” என்று அதட்டினேன். அந்தச் சொல்லை நான் அதற்குக் கற்றுத்தரவே இல்லை.

நாள் 11. மதியம் 2.20
“ரூத்தக்கா, நீங்க ஒரு ஆளுதானே? காத்து ஏன் இப்படி எறங்குது?”
சொல்லிவிட்டேன்.
“மொதல்லயே சொல்லியிருந்தா, ஒரு நாள் முன்னாடியே கப்பலைக் கெளப்பியிருப்போமேக்கா.”
மருந்தை நிறுத்து என்று அவன் சொல்லவே இல்லை.

நாள் 13. மாலை
அறைக் காற்று கெட்டுவிட்டது. முகமூடி ஒன்றுதான். எனக்கு ஐந்து மூச்சு, மக்ரூனுக்கு ஐந்து. எழுத்து கோணுகிறது. பயமாக இருக்கிறது.

நாள் 14. காலை 6.30
முகமூடியை மக்ரூனின் மூக்கில் பிடித்தபடிதான் தூங்கிப்போனேன். விழித்தபோது முகமூடி என் முகத்தில் இருந்தது. எப்போது மாற்றிக்கொண்டேன்? தெரியவில்லை. மக்ரூன் என் காலடியில் கிடக்கிறது. உடம்பு சில்லிட்டுவிட்டது. வாயில் என் சாக்ஸின் நுனி.

7.15
கப்பல் வந்துவிட்டது. கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.
“உள்ள எத்தனை பேரு?”
ஒருவர் என்றேன். படிவத்தில் இருந்தபடியே.
“எந்திரிச்சு வந்து தாழ்ப்பாளைத் தெறங்கம்மா.”

காலை நீட்டியே வைத்திருக்கிறேன். இழு மக்ரூன். ஒரே ஒரு தடவை. இழு