பரிசீலனையில் இருக்கும் காசு

திங்கள், 6 நவம்பர் 2006

மழை. ஜெர்மனியில், அதுவும் கெல்சென்கிர்ச்சனில், வேறென்ன. முதல் பஸ் வரவில்லை. கிளீனிங்குக்குப் பிந்திப் போய் மேற்பார்வைக்காரியிடம் ஏச்சு.

இவர் வேலையால் வரமுதல் கொம்பியூட்டரைத் திறந்தேன். கசினோப் பக்கத்தில் அதே சொல்: "பரிசீலனையில்". சனிக்கிழமை வென்ற காசு, ஆயிரத்து எண்ணூறு யூரோ. நான் காசு போட்டபோது கண் மூடித் திறக்கமுதல் எடுத்துக்கொண்டார்கள். தரும்போது மட்டும் பரிசீலனை. கள்ளர்.

வெள்ளி பின்னேரம் கார் பழக்கும் பள்ளியில் டெர்மின், வரச்சொல்லி நேரம் தந்திருக்கிறார்கள். லைசென்சுக்கு முற்பணம் கட்டவேண்டும். இவரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "பிறகு பாப்பம்." எத்தனை வருடப் பிறகு.

வெங்காயம், வோஷிங் பவுடர், இவருக்கு இருமல் மருந்து.

செவ்வாய், 7

கசினோவின் அரட்டைப் பெட்டியில் மார்க்கோ என்று ஒருவன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதுகிறான். நான் பொறுமையாக இருக்கிறேன் என்று இவனுக்கு யார் சொன்னது.

கணக்கு உரிமையாளரின் பாஸ்போர்ட் பிரதி வேண்டுமாம். உரிமையாளர் இவர். இந்த வீட்டில் பாங்க், இன்டர்நெற், டெலிபோன் எல்லாம் இவர் பேரில். என் சம்பளமும் இவர் கணக்கில்தான் விழுகிறது. எங்கள் ஆட்களில் பாதி வீடுகளில் இப்படித்தான். கசினோவில் பேர் கேட்டபோது யோசிக்காமல் இவர் பேரை அடித்தேன். எந்த அன்ட்ராக் படிவத்தை நிரப்பினாலும் கை தானாக அப்படித்தான் எழுதும். மடைச்சி.

பாங்க் தாள்களை இவர் பிரித்தும் பார்ப்பதில்லை. காசு வந்தால் அன்றே எடுத்துவிடலாம். வந்தால்.

புதன், 8

குளிர். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இவருடைய பாஸ்போர்ட். கடையில் பிரதி எடுத்து அனுப்பினேன். படத்தில் முறைத்துக்கொண்டு இருக்கிறார், நேரில் போலவே.

இந்த விளையாட்டைக் காட்டித் தந்தவ வ. அக்கா, என்னோடு கிளீனிங் செய்கிறவ. பக்கெட்டைப் பிழிந்துகொண்டு சொன்னா: "எனக்கும் உப்பிடித்தான் இழுத்தவங்கள். காசு வரமுதல் அதைத் திருப்பி விளையாடலாம் எண்டு ஒரு பட்டன் காட்டுவாங்கள். அதை மட்டும் அமத்திப்போடாதையும். நான் அமத்தினன், எல்லாம் போச்சுது. அதுக்குத்தான் இழுக்கிறாங்கள்."

அந்தப் பட்டன் பச்சையாக மின்னுகிறது. காசு எடுக்கும் பட்டனைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. நான் அமத்தமாட்டேன்.

வியாழன், 9

மார்க்கோ: பாஸ்போர்ட் சரி, நன்றி. இனி உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்துவார்களாம். எப்போது என்று கேட்டேன். பொறுமைக்கு நன்றியாம். நாசமாய்ப் போவான்.

பின்னேரம் முழுக்க டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே நிலவறைக் கெல்லருக்கு, தோய்த்த உடுப்பு எடுக்க இறங்கிய நேரம் பார்த்து அடித்திருக்கிறது. படியில் ஏறும்போது இவருடைய குரல். "யா. யா, தஸ் பின் இஷ்." பிறகு பிறந்த திகதி சொன்னார்.

உடுப்புக் கூடையோடு வாசலில் நின்றேன். இவர் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எவ்வளவு வெண்டனீர்?"

சொன்னேன்.

"சாப்பாட்டைப் போடும்."

அவ்வளவுதான். கத்தவில்லை. காட்டிக் கொடுக்காமல் நான்தான் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் இந்த மனிசனைக் கொஞ்சம் பிடித்தது. இரண்டு முட்டை பொரித்துப் போட்டேன்.

வெள்ளி, 10

மழை இல்லை. வேலை முடிந்து ஓடி வந்தேன். கடவுச்சொல் பிழையாம். திரும்ப அடித்தேன், பிழை. மார்க்கோவைப் பிடித்தேன். "கணக்கு உரிமையாளர் நேற்றுக் கேட்டபடி புதிய கடவுச்சொல் கொடுத்துவிட்டோம். மேலதிக விபரங்களை அவருக்கு மட்டுமே தரலாம்." எனக்கு ஒரு கிழமை பரிசீலனை. அவருக்கு உடனே.

இவர் சோபாவில், டிவிக்கு முன்னால்.

"இஞ்சேருங்கோ, அந்தக் காசு?"

"விளையாடினன். முதல் நல்லா வந்தது. பிறகு இறங்கிப் போச்சுது."

"முழுக்கவோ?"

"ஓம். என்ர பேரிலதானே கிடந்தது."

அது என்ர காசு என்றேன். இன்றைக்கு டெர்மின், கார் பழகக் கட்ட வைத்திருந்தது என்றேன். அழக்கூடாது என்று நினைத்தும் அழுதேன். இவர் டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"உமக்கென்னத்துக்கு லைசென்ஸ். எங்க போறதெண்டாலும் நான் ஏத்திக்கொண்டு போறன்தானே."