தையல் மெஷினுக்கு அடியில் இருந்த சட்டம்

நேற்று திரான்சியிலிருந்து உம்முடைய மகள் வந்து ஒரு பையைத் தந்தாள். "மம்மா கடைசியா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க." உள்ளே பழைய சிவப்பு அட்டைப் பிரெஞ்சுச் சட்டப் புத்தகம். திறந்தால் மெஷின் எண்ணெய் மணம். வாசலிலேயே நின்று சிரித்தேன், பிறகு அழுதேன்.

இப்போதும் உம்மை "நீர்" என்றுதான் சொல்கிறேன். "என்னடி, புலவர் மாதிரி நீர், உமக்குன்னு!" என்று கேலி செய்வீர். பாண்டிச்சேரிக்காரியான உமக்கு யாழ்ப்பாணத்தார் பேச்சு எப்போதும் பகிடிதான்.

எண்பதுகளில் ஒரு ஞாயிறு. லா சப்பலில் இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்தோம். என் கணவர் இவரோடு இங்கே வாழ நான் கேட்ட வதிவிட அனுமதியை மறுத்துக் கடிதம் வந்திருந்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்த நீர்தான் எங்கள் தெருவுக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவர். மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், அப்போதுதான் வாங்கிய சட்டப் புத்தகத்தின் புதுப் பதிப்பைச் சமையலறை மேசையில் பெருமையோடு விரித்தீர். வாசிக்க வாசிக்க உம்முடைய முகம் வாடியது.

"மோன் தியே, கடவுளே! செப்டம்பர்ல சட்டத்தையே மாத்திட்டாங்க. இதுல உனக்கு எடமே இல்லடி."

இவரை விட்டுத் தனியே ஊருக்குத் திரும்புவதா? மறுப்புக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சட்டம் தெரியாது. பஞ்சாங்கம் தெரியும்.

"கடிதம் ஓகஸ்ட் மாசத்துத் திகதி அல்லோ? பிள்ளைக்குச் சாதகம் எழுத, அது பிறந்த வருசத்துப் பஞ்சாங்கத்தைத்தானே எடுக்கிறது?" என்று அழுதபடியே கேட்டேன்.

"பஞ்சாங்கமா?" வேதக்காரியான நீர் என்னையே பார்த்தீர். பிறகு தையல் மெஷினிடம் ஓடினீர். புதியது வந்துவிட்டதே என்று, முந்தைய ஆண்டுப் புத்தகத்தை அதன் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தீர்! இருவருமாக மெஷினைத் தூக்கி அதை இழுத்தெடுத்தோம். என்னை மறுத்த நாளில் நடைமுறையில் இருந்த விதி அதில் அப்படியே இருந்தது. அதன்படி எனக்கு உரிமை இருந்தது.

அந்தப் பழைய விதியைக் குறிப்பிட்டே தட்டச்சு செய்தீர். கையெழுத்து வாங்கும்போது, "இனிமே மொதல்ல தேதியப் பாரு. அப்பறமா அழு," என்றீர்.

தீர்ப்பு வர நெடுநாள் எடுத்தது. சாதகமாக வந்த அன்று, ரூ பஜோல் தெரு நெடுக என்னை இழுத்துக்கொண்டு போய், கண்டவர்களிடமெல்லாம் "பஞ்சாங்கம் ஜெயிச்சிடுச்சு!" என்று சொன்னீர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் இங்கே வாழ்ந்த வாழ்வெல்லாம் அந்த ஞாயிறு தந்ததுதான்.

இப்போது நானும் கடிதத்தோடு வருகிறவர்களுக்கு உதவுகிறேன். அலமாரியில் ஆண்டுவாரியாகச் சிவப்புப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த மெஷின் ஆடினாலும் ஒன்றையும் கொடுக்க மாட்டேன். இன்று காலை செவ்ரானிலிருந்து ஒருத்தி மறுப்புக் கடிதத்தை நீட்டியபடியே விம்மினாள். உம்முடைய புத்தகம் அவளுடைய வழக்குக்கு உதவாது. ஆனாலும் அதை மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"முதல் திகதியைப் பாப்பம், பிள்ளை," என்றேன். "பிறகு அழலாம்."

பார்த்தோம். அந்தத் திகதிக்குரிய சிவப்புப் புத்தகத்தில் அவளுக்கு இடம் இருந்தது. அழத் தேவை வரவில்லை.